மெலட்டூர் இரவுக்குக் கோத்தா திங்கியிலிருந்து

மலேசியாவில் பௌர்ணமியன்று வரும் விசாக தினம் பொது விடுமுறை. அந்தப் பௌர்ணமிக்கு முந்தின நாள் சதுர்த்தசி, நரசிம்ம ஜயந்தி. தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரில் பாகவத மேளா என்னும் இசை நாடக விழா தொடங்குவது அன்றைக்குத்தான். ஜொகூர் மாநிலம் கோத்தா திங்கியிலிருந்து மெலட்டூருக்குக் குழு அழைத்துப் போகும் வழிகாட்டி ஒருவர், பயண வேலையைத் தொடங்கும்போது முதலில் எடுப்பது விமான அட்டவணையை அல்ல. பஞ்சாங்கத்தையும் அரசாங்க விடுமுறைப் பட்டியலையும் அருகருகே விரித்து வைக்கிறார். 2022-இல் ஜயந்தி மே 14, விசாகம் மே 15. 2025-இல் மே 11, மே 12. 2023-இல் இரண்டும் மே 4-ஆம் தேதியே வந்துவிட்டன. 2026-இல் அதிக மாதக் கணக்கால் ஜயந்தி ஏப்ரல் 30-க்கும் விசாகம் மே 31-க்கும் பிரிந்து போயின. ஆனால் ஜயந்திக்கு மறுநாள் தொழிலாளர் தினம். அந்த ஒரு நாள் விடுமுறை கிடைத்ததில் அவருக்கு இருந்த மகிழ்ச்சி வெளியாருக்குப் புரியாது.

ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 2014 முதல் 2024 முடியும்வரை இம்மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளி ஆசிரியரும் அரசு ஊழியரும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனார்கள். பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கோ சனியும் ஞாயிறும்தான் ஓய்வு. ஒரே வீட்டில் மனைவி ஆசிரியை, கணவர் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்றால், இருவரும் சேர்ந்து நான்கு நாள் விடுப்பு எடுப்பதே பெரும்பாடு. 2025 ஜனவரியில் மாநிலம் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் தம்பதிகளாக வருகிறவர்கள் கூடினார்கள் என்கிறார் அவர். கலைப் பயணத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைக் கலையார்வத்துக்கு முன்பே விடுப்புப் படிவம் தீர்மானித்துவிடுகிறது.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். தமிழ்நாட்டுக்குக் கப்பலில் போன காலம் அப்போது முடிந்திருந்தது. ரஜூலா என்ற பயணிகள் கப்பல் 1973-இல் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பலில் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. நாகப்பட்டினத்தில் இறங்கிய கதைகளைப் பெரியவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கண்ட முதல் வாடிக்கையாளர்கள் தோட்டங்களில் ரப்பர்ப் பால் மரம் வெட்டி, செம்பனைக் குலை சுமந்து, ஓய்வுக்கு வந்தவர்கள். அவர்களுக்குச் சுற்றுலா என்ற எண்ணமே கிடையாது. அப்பாவுக்கு வந்த பழைய கடிதத்தின் உறையில் இருக்கும் ஊர்ப் பெயரைக் காட்டி, "இங்க கொண்டுபோய் விட முடியுமா தம்பி?" என்று கேட்பார்கள். சில ஊர்களில் பங்காளிகள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்தார்கள். சில ஊர்களில் நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற பயத்தில் கதவைத் திறக்கவே தயங்கினார்கள். இரண்டையும் பார்த்தவர் அவர். வீட்டு வாசலில் முதலில் தாம் மட்டும் இறங்கிப் பேசிவிட்டு, பிறகே பெரியவரை வண்டியிலிருந்து இறக்கும் பழக்கம் அப்போது வந்தது. மெலட்டூரிலும் அவர் அப்படித்தான் செய்கிறார்.

அந்தத் தலைமுறை குறையக் குறைய, கோயில் பயணம் வளர்ந்தது. ஆறுபடை வீடு, நவக்கிரகத் தலங்கள், பிறகு பட்டுப்புடவை. 2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியபின் தொழிலின் முகமே மாறிப்போனது. அதுவரை சென்னையில் இறங்கி இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து தஞ்சாவூர் போனவர்கள், இப்போது திருச்சியில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் தஞ்சாவூர் விடுதி அறையில் காலை நீட்டினார்கள். முழங்கால் வலிக்காரர்களும் பயணம் வர முடிந்தது இதனால்தான். மலிவு விமானம் வந்ததும் ஆளுக்கு ஆள் குழு சேர்க்கவும் ஆரம்பித்தார்கள். மலேசியாவில் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் பயண நிறுவனம் நடத்த முடியாது. ஆனாலும் கோயில் நண்பர், தாமான் பக்கத்து வீட்டுக்காரர் என்ற நம்பிக்கையில் பணத்தைக் கொடுத்து, விமான நிலையத்தில் பயணச்சீட்டே இல்லாமல் நின்றவர்களை அவர் பார்த்திருக்கிறார். உரிமம் பெற்ற நிறுவனத்தின் ரசீது இல்லாமல் ஒரு வெள்ளிகூட வாங்குவதில்லை என்ற கட்டுப்பாட்டை அவர் அன்றிலிருந்து விட்டதில்லை.

கோத்தா திங்கிக்கென்று ஒரு பாடமும் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு கரை புரண்டு நகரத்துக்குள் வந்தது. கடைவீதியில் தரைத்தளத்தில் இருந்தவை எல்லாம் நீரில் மூழ்கின. அந்தக் காலத்தில் விசாவுக்காக வாடிக்கையாளர்களின் கடப்பிதழ்களைப் பயண அலுவலகங்கள் வாரக் கணக்கில் வைத்திருப்பது வழக்கம். வெள்ளத்துக்குப் பிறகு அவர் அடுத்தவர் கடப்பிதழைத் தம்மிடம் ஓர் இரவுகூடத் தங்க விடுவதில்லை. பின்னாளில் ஈ-விசா வந்ததும் இந்தக் கவலையே அற்றுப்போனது. ஆனால் புதிதாக வேறொன்று முளைத்தது: கடப்பிதழில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் தட்டச்சு செய்த பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். 'அ/லெ', 'அ/பெ' என்று தகப்பன் பெயர் சேர்ந்து வரும் மலேசியத் தமிழர் பெயர்களை எந்தக் கட்டத்தில் எப்படி நிரப்ப வேண்டும் என்பது அவருக்கு இன்று மனப்பாடம்.

மெலட்டூர் அவர் பயணத் திட்டத்துக்குள் வந்தது, தஞ்சாவூரில் வழக்கமாக வண்டி ஓட்டும் ஓட்டுநர் ஒருவரின் பேச்சால். மே மாதத்தில் கோயில் பயணம் வந்திருந்த குழு மாலையில் சும்மா இருந்தது. "பதினெட்டு கிலோமீட்டர்தாங்க, இன்னிக்கு ராத்திரி நாடகம்" என்றார் ஓட்டுநர். போனார்கள். ஒன்பது மணிக்கு மேல் திரை விலகியது. கூம்புத் தொப்பியோடு கோணங்கி ஆடி வந்தபோது எல்லோரும் ரசித்தார்கள். பிறகு தோடய மங்களம், சப்தம் என்ற தொடக்கப் பாடல்கள், யானைமுகம் தரித்த சிறுவனாகப் பிள்ளையார். அதன்பிறகு ஒவ்வொரு பாத்திரமும் தன் பிரவேசப் பாட்டான தருவோடு, திரைக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல் வந்தது. எல்லாம் தெலுங்கு. பத்தரை மணிக்குக் குழுவில் பாதி வண்டிக்குத் திரும்பிவிட்டது. மீதிப் பேர் அதிகாலைவரை உட்கார்ந்திருந்து, தூண் பிளந்து நரசிம்மம் வெளிப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது ஒரே குழு இரண்டு வெவ்வேறு ஊருக்குப் போய்வந்தவர்களைப் போலப் பேசிக்கொண்டது.

போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் வித்தியாசம் ஆர்வத்தில் இல்லை என்பதை அவர் அந்தக் காலையிலேயே கவனித்தார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பாட்டி. சிறு வயதில் தோட்டத்துக் கோயிலில் பிரகலாதன் கதையைக் கூத்தாகப் பார்த்தவர். அடுத்து என்ன வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். மொழி ஒரு தடையாக இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அவரே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி என்றால் அந்தப் பாட்டி செய்ததை முன்கூட்டியே, கோத்தா திங்கியிலேயே செய்துவிட்டால் என்ன?

அதிலிருந்து வந்ததுதான் புறப்படுவதற்கு முந்தைய மாலைக் கூட்டங்கள். கோயிலின் பின்புற மண்டபத்தில் நாற்காலி போட்டு, தேநீரும் கறிப்பஃப்பும் வைத்து, குழுவில் வருகிறவர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவற்றை நடத்துகிறார். முதல் கூட்டத்தில் கதை. இரண்யன், லீலாவதி, பிரகலாதன், குரு; யார் எந்த வரிசையில் மேடைக்கு வருவார்கள்; தாய் லீலாவதி எங்கே தவிக்கிறாள்; தந்தையின் கோபம் எப்படிப் படிப்படியாக ஏறுகிறது. அடுத்த கூட்டத்தில் இசை. கர்நாடக இசை கேட்டுப் பழகாதவர்களுக்கு ராகப் பெயர் சொல்லிப் பயனில்லை. ஒரு தரு என்பது பாத்திரம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் பாட்டு, அது முடிகிறவரை கதை நகராது, அவசரப்படக்கூடாது என்பதை மட்டும் புரிய வைக்கிறார். கடைசிக் கூட்டம் உடம்பைப் பற்றியது. கத்திரி வெயில் காலம். பகலில் நாற்பது டிகிரியைத் தொடும். ஜயந்தியன்று பகல் முழுக்க அறையில் தூங்க வேண்டும். கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினால் இரவு பன்னிரண்டுக்குத் தலை சாய்ந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்வது பற்றிக் குடும்ப மருத்துவரிடம் முன்பே கேட்டு வர வேண்டும். மெலட்டூரில் தங்கும் விடுதி கிடையாது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அறை எடுத்துக்கொண்டு வேனில் போய்வருவதுதான் வழி.

இந்த மூன்று கூட்டங்களுக்கும் அவர் தனியாகக் காசு வாங்குவதில்லை. பயணத்தின் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது என்பார். அவர் சொல்வது மிகையில்லை. கதையும் பாட்டும் தெரிந்து போன குழுக்களில் நள்ளிரவுக்கு முன் வண்டி தேடுகிறவர்கள் அரிது.

கட்டணம் போடும்போதும் மெலட்டூர் விசித்திரமான இடம். நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே, பெருமாள் பார்க்கும்படியாக மேடை போடுகிறார்கள். நாடகம் அவருக்கான காணிக்கை. மற்றவர்கள் உடன் அமர்ந்து பார்க்கிறார்கள். சும்மா கிடைக்கும் ஒன்றைப் பயணக் கட்டணத்தில் எப்படிச் சேர்ப்பது? சில நிறுவனங்கள் 'கலை நிகழ்ச்சி' என்று ஒரு வரி எழுதித் தொகையைக் கூட்டிவிடும். இவர் விமானம், வண்டி, அறை, சாப்பாடு, தம் ஊதியம் என்று பிரித்து எழுதி, கடைசியில் விழாக் குழுவுக்கு நன்கொடை என்ற தொகையையும் தனியாகக் காட்டுகிறார். அந்தப் பணத்தைக் குழுவில் மூத்தவர் ஒருவர் கையால் கொடுக்க வைத்து ரசீது வாங்குகிறார். காசு கொடுத்தோம், முன் வரிசை வேண்டும் என்று ஒருவரும் கேட்காமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். கொடுத்தது காணிக்கை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜொகூர்க்காரர்களுக்கு இதை விளக்க அவர் கையாளும் வழி நன்றாக இருக்கிறது. ஜொகூர் தியோச்சியூ சீனர் நிறைந்த மாநிலம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்காக மேடை கட்டிச் சீன இசை நாடகம் போடுவதையும், முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டு வைப்பதையும் இங்குள்ள தமிழர்கள் சிறுவயது முதலே பார்த்திருக்கிறார்கள். "அங்க முன்னாடி யாருக்கு இடம் விட்டிருக்காங்கன்னு நமக்குத் தெரியும்ல? அதே மாதிரி இங்க பெருமாளுக்கு" என்று சொன்னால் போதும். ஒருவரும் மேடைக்கும் சன்னதிக்கும் நடுவே போய் நின்று படம் எடுப்பதில்லை.

மெலட்டூரின் கதையை அவர் வேனில், தஞ்சாவூரிலிருந்து போகும் வழியில் சொல்கிறார். விஜயநகரம் 1565-இல் தலைக்கோட்டைப் போரில் வீழ்ந்தபின் தெலுங்குக் குடும்பங்கள் தெற்கே வந்தன. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் கிணறும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினார் என்பது ஊர் வரலாறு. அதனால் மெலட்டூருக்கு அச்சுதாப்தி என்றும் பெயருண்டு. அந்த மண்ணில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெங்கடராம சாஸ்திரி எழுந்தார். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கதன், மார்க்கண்டேயர், அரிச்சந்திரன் என்று அவர் எழுதிய தெலுங்கு இசை நாடகங்களைத்தான் இன்றும் ஆடுகிறார்கள். பக்கத்திலேயே திருவையாறு. தியாகராஜரும் பிரகலாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் என்று இசை நாடகங்கள் எழுதியவர். தமிழில் அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரமும் இதே காவிரிப் படுகையில் பிறந்தவை. பாட்டாலேயே ஒரு கதையை முழுக்கச் சொல்லும் பழக்கம் இந்தப் பக்கத்து வயல்களில் ஊறிப்போயிருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

ஒரு சிற்றூரோடு பிணைந்த இசை நாடக விழாக்கள் வெளிநாடுகளிலும் உண்டு. ஜெர்மனியின் பைராய்ட் என்ற சிற்றூரில் ரிச்சர்ட் வாக்னர் 1876-இல் தொடங்கிய விழாவில் இன்றும் வாக்னரின் படைப்புகளே மேடையேறுகின்றன. நுழைவுச்சீட்டுக்கு ரசிகர்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் 1951-இல் டாம் வால்ஷ் என்ற மருத்துவர் தொடங்கிய இசை நாடக விழாவை ஊர்த் தன்னார்வலர்கள் தோள் கொடுத்து வளர்த்தார்கள். ஒரே ஒருவரின் நாடகங்கள், ஒரு சிறிய ஊர், அந்த ஊர்க்காரர்களின் உழைப்பு: மெலட்டூரில் இவை மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. மேற்கத்திய உலகம் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் விழாக்களுக்குச் சமமான ஒன்று தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது என்பது, பல தமிழருக்கே தெரியாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

அந்த மரபு இடையில் நலிந்து தடுமாறியதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பாலு பாகவதர் போன்ற ஊர்க் கலைஞர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ஈ. கிருஷ்ண ஐயர் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் உஷா பரிணயத்தை மேடையேற்றினார். ஊரிலோ ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் விழா நடத்துகின்றன. வெளியூர் வழிகாட்டி கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. எந்தக் குழு சிறந்தது என்று வேனில் யார் கேட்டாலும் அவர் பதில் சொல்வதில்லை. ஊர் விவகாரத்தில் விருந்தாளிக்கு இடமில்லை என்பது அவர் கொள்கை. எந்தத் தேதியில் யார் எந்த நாடகம் ஆடுகிறார்கள் என்பதை மட்டும் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு அதன்படி நாட்களைப் பிரிக்கிறார்.

பிரகலாத சரித்திர இரவின் நடுநாயகம் நரசிம்ம முகமூடி. அது அலங்காரப் பொருள் அல்ல, பூஜையில் இருப்பது. அதை அணிபவர் அன்று விரதம் இருக்கிறார். விடியலை நெருங்கும் நேரத்தில் தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படும்போது, முகமூடி அணிந்தவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்பதால் பக்கத்தில் ஆட்கள் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். இரண்யனாக வருபவர் விலகி நின்றே வாதிடுவார். மணிக்கணக்காக மடக்கி உட்கார்ந்த காலும் அதிகாலைத் தூக்கமும் சுத்தமாக மறந்துபோகும் நேரம் அது. கோத்தா திங்கிக் குழுவில் மாரியம்மன் திருவிழாக்களில் அருள் வந்தவர்களைப் பார்த்துப் பழகிய பெண்கள் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர்கள் கைபேசியை இறக்கிவிட்டு வெறித்துப் பார்க்கிறார்கள்.

கைபேசியைப் பற்றி அவருக்குத் திடமான கருத்து இருக்கிறது. முன்பெல்லாம் புகைப்படக் கருவி வைத்திருந்தவர் குழுவில் ஒருவரோ இருவரோதான். இன்று ஒவ்வொருவர் கையிலும் திரை. முன்னால் நீட்டிய ஒரு கை, பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பாட்டிக்கு மேடையையே மறைத்துவிடும். அவர் விதி எளிமையானது: கோணங்கி ஆடும்போது எடுத்துக்கொள்ளலாம், கதை தொடங்கியபின் கூடாது, நரசிம்மம் வரும்போது அறவே கூடாது. பிளாஷ் எப்போதுமே கூடாது. யாருக்கும் மனவருத்தம் வராமல் இருக்க, விழாவை முறையாகப் படம் பிடிப்பவர்களின் காணொளி இணைப்புகளைப் பிறகு எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்.

கொரோனாவால் 2020 மே மாதம் யாரும் எங்கும் போகவில்லை. மார்ச் 18-ஆம் தேதியே மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. முன்பணம் கட்டியிருந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க அவர் தம் வண்டியை விற்றார். அந்த ஜயந்தி இரவு, பழைய குழு உறுப்பினர்கள் சிலர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து முந்தைய ஆண்டுகளின் பதிவுகளை இணையத்தில் ஓடவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டார்கள். எல்லை 2022 ஏப்ரலில் திறந்தபோது, முதலில் பெயர் கொடுத்தவர்கள் அவர்களே.

மெலட்டூரில் அவருக்கு மிகவும் பிடித்த நேரம் நாடகத்துக்கு மறுநாள் மாலை. அரிதாரம் கலைத்த நடிகர்கள் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பார்கள். பலரும் வெளியூரில் வங்கியிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள். விழாவுக்கென்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள். பாட்டையும் ஆட்டத்தையும் தகப்பனிடமோ சித்தப்பாவிடமோ கற்றவர்கள். ஒருமுறை லீலாவதியாக ஆடியவரிடம், கோத்தா திங்கியிலிருந்து வந்த செம்பனை ஆலை ஊழியர் ஒருவர், "லீவு கொடுத்தாங்களா சார்?" என்று கேட்டார். இருவரும் தத்தம் மேலதிகாரிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். எந்தக் கலை விளக்கமும் அந்தப் பேச்சு செய்த வேலையைச் செய்திருக்காது. ராத்திரி தேவலோகத்திலிருந்து வந்தவராகத் தெரிந்தவர், தம்மைப் போலவே விடுப்புக்கு விண்ணப்பம் எழுதுகிற மனிதர் என்று தெரிந்தபின் அந்த ஊழியர் ஆண்டுதோறும் வருகிறார்.

கேள்விகள் எல்லாம் இப்படி இதமானவையாக இருப்பதில்லை. பரதநாட்டியம் பயிலும் பெண் ஒருத்தி, பாட்டியோடு வந்தவள், மேடையில் ஏன் பெண்களே இல்லை என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்த தோட்டத்துப் பையன் அடுத்த கேள்வியை வைத்தான்: எங்களைப் போன்றவர்கள் இதில் ஆட முடியுமா? அவர் மழுப்பவில்லை. பெண் வேடமும் ஆண்களே ஆடுவதும், அந்தணக் குடும்பங்களுக்குள்ளேயே மரபு கைமாறுவதும் உண்மை என்றார். கலாக்ஷேத்திரா உஷா பரிணயத்தைப் பெண்களோடு மேடையேற்றியதையும் சொன்னார். அதோடு நிறுத்தாமல், தஞ்சாவூர்ப் பயணத்தை இரண்டு நாள் நீட்டி, வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக்கு ஒரு குழுவை அழைத்துப் போனார். கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை தெருக்கூத்தைக் காப்பாற்றி வரும் ஊர் அது. அங்கே மொழியும் தமிழ், ஆடுகிறவர்களும் வேறு மக்கள். மெலட்டூரையும் புரிசையையும் ஒரே பயணத்தில் பார்த்த பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. எது உயர்ந்தது என்ற பேச்சு போய், மெலட்டூரின் சப்தத்துக்கும் தெருக்கூத்தின் கட்டியக்காரன் வருகைக்கும் என்ன உறவு என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள். சாதியைப் பற்றிய அந்தப் பையனின் கேள்விக்கு அது பதில் இல்லைதான். அந்தக் கேள்வி இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்றே இக்கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது. கேட்பவனை வேனிலிருந்து இறக்கிவிடாத வழிகாட்டி கிடைத்தது நல்லது.

திரும்பும் வழியில் வேறு வகையான வேலை. கும்பகோணத்தில் பித்தளைக் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டு. ஆளுக்கு அனுமதிக்கப்பட்ட எடையை விமான நிலையத்தில் தாண்டிவிட்டால் அபராதம் புடவை விலையை எட்டிவிடும். அதனால் கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு ஒன்றை அவர் எப்போதும் வைத்திருக்கிறார். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வழியாகத் திரும்பினால் உட்லண்ட்ஸ் பாலத்தில் வார இறுதி நெரிசல். கோலாலம்பூர் வழியென்றால் தெற்கே நான்கு மணி நேரம் பேருந்து. வயதானவர்கள் அதிகமாக உள்ள குழுவுக்குச் சாங்கியும், பணம் பார்த்துச் செலவு செய்யும் குழுவுக்குக் கோலாலம்பூரும் என்று அவர் பிரித்து வைத்திருக்கிறார்.

சாலியமங்கலம்தான் இப்போது அவருக்கு இருக்கும் பெரிய யோசனை. மெலட்டூரைப் போலவே அங்கும் பாகவத மேளா மரபு அறுபடாமல் வருகிறது. அங்கும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டியே பிரகலாதன் கதை. ஒரு காலத்தில் ஊத்துக்காடு, நல்லூர், சூலமங்கலம், தேப்பெருமாநல்லூர் என்று பல ஊர்களில் ஆடப்பட்டது. மெலட்டூரைவிடச் சாலியமங்கலத்துக்கு விளம்பரம் குறைவு, கூட்டமும் குறைவு, அதனாலேயே நாடகத்தை நெருங்கி உட்கார்ந்து பார்க்கலாம். நாட்கள் மோதும் ஆண்டில் ஒரு குழு இரண்டு ஊரில் இருக்க முடியாது. அதனால் இரண்டு வேன்கள் என்று முடிவு செய்திருக்கிறார். பழைய ஆட்கள் சாலியமங்கலத்துக்கு, புதியவர்கள் மெலட்டூருக்கு. கோயில் மண்டபத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பழையவர்களில் சிலர் மெலட்டூரை விட மாட்டோம் என்றார்கள், புதியவர்களில் சிலர் கூட்டமில்லாத ஊருக்கே போகிறோம் என்றார்கள். பெயர்ப் பட்டியலை அவர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்.